முகட்டுக்கு அப்பால் ஒரு கதவு

கணவாய்களின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் படைகளின் வரலாற்றையே எழுதியிருக்கிறார்கள். எந்த மன்னன் எந்த ஆண்டில் எத்தனை ஆயிரம் வீரரோடு மலையைக் கடந்தான் என்பதற்கு ஏடுகளில் சான்று உண்டு. பள்ளிப் பருவத்தில் கைபர் கணவாயைப் பற்றிப் படித்த நமக்கு அதன் வழியே வந்த படையெடுப்புகள் நினைவிலுள்ளன. அதே வழியில் பிழைப்புக்காகவும் வழிபாட்டுக்காகவும் நடந்துபோன எளியோர் நம் நினைவில் இல்லை. பனி பெய்த இரவில் அவர்கள் எங்கே ஒதுங்கினார்கள், அவர்களுக்குக் கஞ்சி வார்த்தவர் யார், வழியில் இறந்தோரை அடக்கம் செய்தவர் யார் என்னும் வினாக்களை வரலாற்று நூல்கள் அரிதாகவே எழுப்புகின்றன.

இவ்வினாக்களுக்கு விடை தரும் மலைமுகடு ஒன்று ஐரோப்பாவில் உண்டு. பிரான்சு நாட்டுக்கும் ஸ்பெயின் நாட்டுக்கும் இடையே மதில்போல் கிடக்கும் பிரனீஸ் மலைத்தொடரின் மேற்குப் பகுதியில் அது அமைந்துள்ளது. திருத்தூதர் யாக்கோபின் கல்லறை உள்ளதெனக் கிறிஸ்தவர்கள் நூற்றாண்டுகளாக நம்பி வணங்கும் கொம்போஸ்தெலா நகரை நோக்கிச் செல்லும் நெடும்பாதையில், இம்முகட்டைக் கடக்கும் நாளே மிகக் கடினமான நாள்களுள் ஒன்று என்பர். நம் முன்னோர் அத்திருத்தூதரைச் சந்தியாகப்பர் என்று அழைத்தனர். ‘சான்தியாகோ’ என்னும் ஸ்பானியப் பெயரே நம் நாவில் சந்தியாகு ஆயிற்று. ஆகவே இப்பாதையின் வரலாறு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

ஒரு நாள் நடை

பிரான்சுப் பக்கத்தில் மலையடிவாரத்தில் உள்ள சிற்றூரின் பெயர் சேன் ழான் பியே தெ போர். கணவாயின் அடியில் உள்ள புனித யோவான் ஊர் என்பது அதன் பொருள். கடல்மட்டத்திலிருந்து அதன் உயரம் 200 மீட்டரைக்கூட எட்டாது. மறுபக்கத்தில், ஸ்பெயினின் நவார் மாநிலத்தில், ஏறத்தாழ 950 மீட்டர் உயரத்தில் ரொன்செஸ்வாயெஸ் என்னும் மடத்தூர் உள்ளது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவு. சமவெளியில் நடப்போர்க்கு இது பெரிய தொலைவன்று. ஆனால் இங்கே திருப்பயணி 1,400 மீட்டருக்கும் மேல் உயர்ந்த முகட்டில் ஏறி, பின் செங்குத்தான காட்டுச் சரிவில் இறங்கியாக வேண்டும். நல்ல உடல்வலிமை உள்ளவர்க்கும் ஏழெட்டு மணி நேரம் ஆகும்.

‘ஸ்பெயின் வாயில்’ எனப்படும் பழைய கோட்டை வாயிலைக் கடந்தவுடனேயே ஏற்றம் தொடங்கிவிடுகிறது. முதல் சில கிலோமீட்டரே நெஞ்சை அடைக்கச் செய்யும் செங்குத்து. வழியிலுள்ள பண்ணை வீடுகள் ஒவ்வொன்றாகக் கீழே மறைகின்றன. ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நடந்தபின் 800 மீட்டர் உயரத்தில் ஓரிசோன் என்னும் தங்குமிடம் வருகிறது. அதற்கப்பால் ரொன்செஸ்வாயெஸ் வரையில் ஊர் எதுவும் கிடையாது. புல்வெளி, பாறை, காற்று, மேயும் ஆட்டுமந்தை, பாஸ்க் நாட்டுக்கே உரிய குட்டைக் குதிரைகள், மேலே வட்டமிடும் பிணந்தின்னிக் கழுகுகள் ஆகியவையே துணை. ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில், பியாக்கோரி என்னுமிடத்துப் பாறைமேல், குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய அன்னை மரியாவின் சிறிய உருவம் ஒன்று நிற்கிறது. ஆடு மேய்ப்பவர்கள் அதை லூர்து நகரிலிருந்து கொணர்ந்து நிறுவினர் என்று கூறுவர்.

அதன்பின் ஒரு கற்சிலுவையருகே பாதை தார்ச்சாலையை விட்டு விலகிப் புல்வெளியில் ஏறுகிறது. நாட்டெல்லையை ஒட்டி ரோலாண்டு ஊற்று எனப்படும் நீரூற்று உள்ளது. கால்நடைகள் தாண்டாதபடி தரையில் பதித்த இரும்புக் கம்பிகளைத் தவிர எல்லையை அறிவிக்க வேறு காவலில்லை. பின்னர் புங்கமரம் போல் நிழல் விரிக்கும் பீச் மரக்காடு. ஆபத்தில் ஒதுங்குவதற்கென்று கட்டப்பட்ட ஒரு சிறு கல்வீடு. இறுதியில் ஏறத்தாழ 1,430 மீட்டர் உயரத்தில் லெப்போய்டெர் என்னும் கணவாய். அங்கிருந்து பார்ப்பவர்க்குக் கீழே மரங்களுக்கிடையில் மடத்தின் கூரைகள் தெரியும். இனி இறக்கந்தானே என்று எண்ணுவோர் இங்கேதான் ஏமாறுவர். நான்கு கிலோமீட்டருக்குள் ஏறத்தாழ 480 மீட்டர் இறங்க வேண்டும். ஈர இலைகள் மூடிய சரிவில், களைத்த முழங்கால்கள் தாங்கமாட்டா.

வானிலை தெளிந்திருக்கும் நாளின் கதை இது. அட்லாண்டிக் பெருங்கடலின் ஈரக்காற்று மோதும் முதல் உயரங்கள் இவை. காலையில் வெயில் அடித்த முகட்டில் நண்பகலில் மூடுபனி இறங்கிப் பத்தடிக்கு அப்பால் பாதை தெரியாமற் போவதுண்டு. குளிர்காலத்தில் பனிப்பொழிவு ஆள் உயரத்தைத் தொடும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் அனைத்துப் புனிதர் பெருவிழாவாகிய நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை நவார் அரசு இம்முகட்டுப் பாதையை மூடிவிடுகிறது. அம்மாதங்களில் திருப்பயணிகள் பள்ளத்தாக்கின் வழியாக, வால்கார்லோஸ் என்னும் ஊரைக் கடந்து செல்ல வேண்டும்.

முகட்டின்மீது படிந்த பெயர்கள்

இம்மலையில் எங்குத் திரும்பினும் போர்வீரர் பெயர்களே காதில் விழுகின்றன. ஊற்று ரோலாண்டின் பெயரால் வழங்குகிறது. வால்கார்லோஸ் என்றால் சார்லமேன் பேரரசரின் பள்ளத்தாக்கு. முகட்டுப் பாதைக்கோ நெப்போலியன் பாதை என்று பெயர். இத்தனைக்கும் நெப்போலியன் 1808இல் ஸ்பெயினுக்குள் நுழைந்தது கடற்கரையோரச் சாலை வழியாக. அவருடைய படைகள் இங்கே பீரங்கி இழுத்தமையால் அவர் பெயர் இதற்கு வாய்த்தது.

ரோலாண்டின் கதை 778ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பிராங்கியரின் மன்னராகிய சார்லமேன், முஸ்லிம் ஆளுநர்களிடையே இருந்த பூசலைப் பயன்படுத்திக்கொள்ளும் நோக்குடன், அவர்களுள் ஒரு சாராரின் அழைப்பின் பேரிலேயே ஸ்பெயினுக்குள் சென்றார். சரகோசா நகரம் அவருக்குக் கதவு திறக்கவில்லை. திரும்பும் வழியில் பாம்பலோனா நகரின் மதில்களை இடித்தார். அந்நகரம் பாஸ்க் மக்களுடையது. ஆகஸ்டு 15ஆம் நாள் படை மலையைக் கடந்தபோது, உயரத்தில் மறைந்திருந்த பாஸ்க் மக்கள் பின்னணிப் படையின்மீது பாய்ந்து அதை அழித்தனர். இறந்தவர்களுள் ஒருவன் பிரித்தானி எல்லைப்புறத்தின் தலைவனாகிய ரோலாண்டு. அரை நூற்றாண்டுக்குப் பின் சார்லமேனின் வரலாற்றை எழுதிய ஐன்ஹார்டு, தாக்கியவர்கள் பாஸ்க் மக்களே என்று தெளிவாகக் குறிக்கிறார். இடத்தின் பெயரை அவர் தரவில்லை. மக்கள் மரபோ ரொன்செஸ்வாயெசுக்கு மேலுள்ள இபாஞேட்டா கணவாயைச் சுட்டுகிறது.

முந்நூறு ஆண்டுகள் சென்றன. ஏறத்தாழ 1100ஆம் ஆண்டில் பிரெஞ்சு மொழியில் ‘ரோலாண்டின் பாடல்’ என்னும் காவியம் பிறந்தது. அதில் பாஸ்க் மக்கள் மறைந்துவிட்டனர். அவர்களுக்குப் பதிலாக முஸ்லிம்களின் மாபெரும் சேனை வந்து நின்றது. இடிக்கப்பட்ட மதிலுக்காக மலைவாழ் மக்கள் தீர்த்துக்கொண்ட பழி, மறைகளுக்கிடையே நடந்த பெரும்போராக மாறியது. முதற் சிலுவைப் போர் நடந்து முடிந்த காலம் அது. அக்காலத்தின் செவிக்கு அக்கதையே இனித்தது. அண்டை வீட்டானோடு நேர்ந்த சண்டையைக் கடவுளின் பகைவனோடு நேர்ந்த சண்டையாக மாற்றிச் சொல்லும் வழக்கம் எல்லா நாட்டிலும் எல்லாச் சமயத்திலும் உண்டு. அவ்வாறு மாற்றிச் சொல்லப்பட்ட கதைகளின் விலையைப் பின்வரும் தலைமுறைகள் குருதியால் செலுத்துகின்றன.

1813ஆம் ஆண்டில் இம்முகடு மீண்டும் போர்க்களமாயிற்று. பிரெஞ்சுத் தளபதி சூல்த், ஆங்கிலேய, போர்த்துக்கீசியப் படைகளைத் தாக்க இவ்வழியே ஏறினார். இரு தரப்பும் குறுகிய முகட்டில் நாள் முழுவதும் போரிட்டன. மாலையில் இறங்கிய மூடுபனி, மனிதரால் நிறுத்த முடியாத சுடுதலை நிறுத்தியது. ஆங்கிலேயத் தளபதி கோல் இரவோடிரவாகத் தம் படையுடன் பின்வாங்கினார். அந்நாள் ஜூலை 25. திருச்சபை நாள்காட்டியில் அது திருத்தூதர் யாக்கோபின் திருநாள். 778இல் நடந்ததோ அன்னையின் விண்ணேற்பு நாளாகிய ஆகஸ்டு 15. திருப்பயணிகள் பாடிக்கொண்டு ஏறிய மலையில், திருநாள்களிலேயே மனிதன் மனிதனை வீழ்த்தியிருக்கிறான்.

பழைய வழிகாட்டி

12ஆம் நூற்றாண்டில் இப்பாதையைக் கடந்த ஒருவர் எழுதிய வழிகாட்டி நூல் நமக்குக் கிடைத்துள்ளது. திருத்தூதர் யாக்கோபைப் பற்றிய ‘கலிக்ஸ்துஸ் சுவடி’ எனப்படும் தொகுப்பின் ஐந்தாம் பகுதியாக அது உள்ளது. எமெரிக் பிக்கோ என்னும் பிரெஞ்சுக் குருவே ஆசிரியர் என்பது நெடுங்காலக் கருத்து. நடந்து கால் நொந்தவர் எழுதிய நூல் என்பதை வரிக்கு வரி உணரலாம். எந்த ஆற்று நீர் நல்லது, எது குடிக்கத் தகாதது, எவ்வூரில் ஓடக்காரர் ஏமாற்றுவர் என்றெல்லாம் அவர் குறித்து வைக்கிறார்.

இம்மலையைப் பற்றிச் சொல்லும்போது, ஏற எட்டு மைல், இறங்க எட்டு மைல் என்று கணக்குச் சொல்கிறார். உச்சியில் நிற்பவர்க்குக் கையால் வானத்தைத் தொட்டுவிடலாம் என்று தோன்றுமாம். அங்கே சார்லமேனின் சிலுவை என ஒரு சிலுவை இருந்தது. திருப்பயணிகள் கொம்போஸ்தெலாவின் திசை நோக்கி முழந்தாளிட்டுச் செபித்தபின், ஆளுக்கொரு சிறு சிலுவையைத் தரையில் நட்டுச் சென்றனர். ஓராயிரம் சிலுவைகளை அங்கே காணலாம் என்கிறார். பேரரசர் பெயரால் வழங்கிய ஒரு சிலுவையைச் சுற்றிப் பெயர் தெரியாதோர் நட்ட ஆயிரம் சிலுவைகள்!

அவர் காட்டும் மற்றொரு காட்சி கசப்பானது. மலையடிவாரச் சுங்கக்காரர்கள் கையில் தடிகளோடு வந்து, வணிகரிடம் மட்டுமே வாங்க வேண்டிய வரியைத் திருப்பயணிகளிடமும் அடித்துப் பறித்தார்கள். தர மறுத்தவர்களின் உடைக்குள்ளும் சோதனையிட்டார்கள். இக்கொடுமையில் பங்கு பெற்ற பிரபுக்களின் பெயர்களைக் குறிப்பிட்டு, அவர்களையும், அவர்களுக்குப் பாவமன்னிப்பு வழங்கும் குருக்களையும் திருச்சபையிலிருந்து விலக்க வேண்டும் என அவர் துணிந்து எழுதினார்.

ஆயினும் அதே எழுத்தாளர், பாஸ்க் மக்களையும் நவார் மக்களையும் பற்றி மிக இழிவாக எழுதியிருக்கிறார். அவர்களுடைய உணவு, உடை, பேச்சு ஆகிய யாவும் அவருக்கு அருவருப்பு. அநீதியைக் கண்டு கொதித்த நெஞ்சில், தனக்கு விளங்காத மொழி பேசும் மக்கள்மீது இகழ்ச்சியும் குடியிருந்தது. ‘திருப்பயணம்’ என்னும் சொல்லால் மட்டுமே உள்ளம் திருந்திவிடுவதில்லை என்பதற்கு இந்நூலும் சான்று. அவர் இகழ்ந்த அம்மக்களின் மண்ணிலேயே, அவருடைய காலத்திலேயே, முகட்டுக்கு மறுபுறம் ஒரு கதவு திறந்தது.

பனியும் ஓநாயும்

1127ஆம் ஆண்டுக்கும் 1132ஆம் ஆண்டுக்கும் இடையில், பாம்பலோனாவின் ஆயர் சாஞ்சோ தெ லரோசா இம்மலையில் திருப்பயணிகளுக்கென்று ஒரு விடுதியை நிறுவினார். அக்காலத்து ஆவணம் அதற்குக் கூறும் காரணம் மிக எளியது: இம்மலையில் எண்ணற்ற திருப்பயணிகள் மடிகின்றனர், சிலர் பனிப்புயலில் மூச்சடைத்து இறக்கின்றனர், பலரை ஓநாய்கள் தின்கின்றன. இதில் காவியமும் இல்லை, வீரமும் இல்லை. ஓர் ஆயர் தம் மறைமாவட்டத்தின் எல்லையில் மனிதர் சாகிறார்கள் என்று கேள்வியுற்றார்; அதைத் தம் பொறுப்பாக ஏற்றார். இபாஞேட்டா கணவாயின்மேல் தொடங்கிய அப்பணி விரைவில் சற்றுக் கீழே, காற்று தணிந்த ரொன்செஸ்வாயெசுக்கு மாறியது. புனித அகுஸ்தினாரின் ஒழுங்கின்படி கூடிவாழ்ந்த குருக்கள் அதனை ஏற்று நடத்தினர்.

கணவாயின் உச்சியில் இருந்த மீட்பர் சிற்றாலயத்தில் ஒரு மணி இருந்தது. மூடுபனி இறங்கிய நாள்களிலும் இருட்டிய பின்னும் அம்மணியை அடிப்பது வழக்கம். பாதை தெரியாதவர்க்கு ஓசையே பாதையாயிற்று. கண் பயன்படாத இடத்தில் காது வழிநடத்தியது. பனியில் திசை கெட்டு அமர்ந்துவிட்ட ஒருவன், இனி எழுவதில் பயனில்லை என்று கண்மூடும் வேளையில், எங்கோ தொலைவில் அவ்வோசையைக் கேட்டிருப்பான். எத்தனை பேர் அதைக் கேட்டு எழுந்து நடந்தனர் என்பதற்குக் கணக்கில்லை. காப்பாற்றப்பட்டோரின் கணக்கை யாரும் கல்லில் பொறிப்பதில்லை.

யாருக்குத் திறந்த கதவு?

13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்விடுதியைப் புகழ்ந்து இலத்தீன் மொழியில் ஒரு கவிதை எழுந்தது. பாடியவர் பெயர் தெரியவில்லை. அதில் விடுதியின் அன்றாடப் பணிகள் ஒவ்வொன்றாகச் சொல்லப்படுகின்றன. வாயிலில் நின்று வழிப்போக்கர்க்கு அப்பம் தருவோர் இருந்தனர். வந்தவர்களின் கால்களைக் கழுவினர், தலைமுடியைத் திருத்தினர், தேய்ந்த காலணிகளைத் தோல் வைத்துத் தைத்துக் கொடுத்தனர். நோயாளர்க்குத் தனி வீடும் மெத்தையும் இருந்தன. நற்குணமுடைய பெண்கள் அவர்களைப் பேணினர். வாதுமையும் மாதுளையும் பிற கனிகளும் அவர்களுக்கெனச் சேமித்து வைக்கப்பட்டிருந்தன. இறந்தோர்க்கு முறையான அடக்கம் கிடைத்தது.

இவற்றினும் வியப்புக்குரியது மற்றொன்று. அக்கதவு நலமுள்ளோர்க்கும் நோயுற்றோர்க்கும் திறந்திருந்ததாகக் கூறும் கவிஞர், கத்தோலிக்கர் மட்டுமன்றிப் பிற சமயத்தார், யூதர், திரிபுக் கொள்கையர், வேலையற்றுத் திரிவோர் ஆகிய அனைவருக்கும் அது திறந்திருந்தது என்று தொடர்ந்து பாடுகிறார். இவ்வாறு எழுதப்பட்ட காலத்தை எண்ணிப் பாருங்கள். தெற்கு பிரான்சில் திரிபுக் கொள்கையர்க்கு எதிராக 1209இல் சிலுவைப்போர் தொடங்கியது. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், யூதரும் முஸ்லிம்களும் உடையால் வேறுபடுத்தி அறியப்பட வேண்டும் என்று விதித்தது. ஸ்பெயினில் 1212இல் நடந்த பெரும்போரில் முஸ்லிம் படைகளை முறியடித்தவர்களுள் ஒருவர் நவார் மன்னர் ஏழாம் சாஞ்சோ. ரொன்செஸ்வாயெசில் 1219இல் நேர்ந்தளிக்கப்பட்ட கோத்திக் பாணிப் பேராலயம் அவருடைய கொடையே. அவர் கல்லறையும் அங்கேயே உள்ளது.

வாள் தூக்கிய மன்னரின் பொன்னால் எழுந்த ஆலயம். அதன் அருகே, ‘நீ யார்’ என்று கேளாத கதவு. இரண்டும் ஒரே மடத்தில் இருந்தன. இம்முரண்பாட்டை மறைப்பதால் நமக்கு நன்மையில்லை. திருச்சபையின் வரலாறு வாளால் மட்டும் எழுதப்பட்டது என்பாரும், அன்பால் மட்டும் எழுதப்பட்டது என்பாரும் இம்மடத்தின் வாயிலில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அக்காலத்தின் சட்டங்களும் போர்முழக்கங்களும் மனிதரைப் பிரித்து வகுத்தபோது, மலையின் குளிரை நேரில் அறிந்த சிலருக்கு மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் விளக்கவுரை இன்றியே விளங்கியிருந்தது.

மடத்தூரின் மிகப் பழைய கட்டடம் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தூய ஆவியார் சிற்றாலயம். அதைச் சார்லமேனின் கிடங்கு என்று அழைப்பர். ரோலாண்டுக்கும் அவன் தோழர்க்கும் கல்லறையாகப் பேரரசர் அதைக் கட்டினார் என்பது கதை. உண்மையில் அதன் அடியிலுள்ள எலும்புகள், விடுதியில் உயிர்விட்ட திருப்பயணிகளுடையவை. வீரனின் கல்லறை என்று ஊர் சொன்ன இடத்தில் ஏழைகள் உறங்குகிறார்கள்.

இரு சந்தியாகப்பர்கள்

இம்முரண்பாடு திருத்தூதரின் உருவத்திலும் காணப்படுகிறது. நம் கடலோர ஆலயங்கள் சிலவற்றில் சந்தியாகப்பர் வெண்குதிரைமீது வாளேந்தி வருகிறார். இவ்வுருவம் ஸ்பெயினில் பிறந்தது. 844ஆம் ஆண்டில் கிளாவிகோ என்னுமிடத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் போரில், திருத்தூதரே குதிரையில் தோன்றி முஸ்லிம் படையை வெட்டி வீழ்த்தினார் என்பது மரபு. அப்படியொரு போர் நடந்ததே இல்லை, அது பிற்காலத்துப் புனைவு என்பது வரலாற்றறிஞர் முடிவு. ஆனால் நெடும்பாதையின் ஓரங்களில் வேறொரு சந்தியாகப்பரைப் பார்க்கலாம். அவர் தொப்பியில் கிளிஞ்சல் அணிந்து, கையில் ஊன்றுகோலும் தோளில் பையும் கொண்டு, தம் கல்லறையை நோக்கித் தாமே நடந்துபோகும் திருப்பயணி. மக்கள் தங்களைப் போலவே கால் நோக நடக்கும் ஒருவராக அவரைக் கண்டதன் விளைவு அது.

கொலை செய்யப்பட்டு இறந்தவர் யாக்கோபு. ஏரோது அவரை வாளால் கொன்றதைத் திருத்தூதர் பணிகள் நூல் கூறுகிறது. வாளுக்கு இரையானவரின் கையில் வாளைக் கொடுத்தது மனிதரின் அச்சமே. கதவைத் திறந்து வைத்தவர்கள் அவர் கையில் ஊன்றுகோலைக் கண்டார்கள்.

நவாரிலிருந்து நம் கடற்கரைக்கு

இம்மடத்துக்கும் நம் மண்ணுக்கும் மெல்லிய தொடர்பு ஒன்று உண்டு. நம் முத்துக்குளித்துறையில் நற்செய்தி அறிவித்த புனித பிரான்சிஸ் சவேரியார் நவார் நாட்டில், ஹவியர் கோட்டையில், 1506இல் பிறந்தவர். 1512இல் காஸ்தில் அரசு நவாரைக் கைப்பற்றியது. 1516இல் அவர் வீட்டுக் கோட்டையின் மதில்களும் கோபுரங்களும் இடிக்கப்பட்டன. சிறுவனாக இருந்தபோதே போரும் தோல்வியும் வீட்டு வாசலில் வந்து நின்றதை அவர் பார்த்தார். 1525இல் கல்விக்காகப் பாரிசுக்குப் புறப்பட்டபோது அவரும் பிரனீஸ் மலையைக் கடந்தே சென்றிருக்க வேண்டும்.

அவருடைய தாய்வழி உறவினராகிய மார்தின் தெ அஸ்பில்குவேத்தா, ஐரோப்பா முழுவதும் மதிக்கப்பட்ட திருச்சபைச் சட்ட அறிஞர். ரொன்செஸ்வாயெஸ் மடத்துக் குருக்களின் குழுவைச் சேர்ந்தவர் அவர். 1540இல், இந்தியாவுக்குக் கப்பலேறுவதற்கு முந்திய மாதங்களில், சவேரியார் லிஸ்பனிலிருந்து அவருக்குக் கடிதங்கள் எழுதினார். அதற்கு முன் 1537இல் வெனிசு நகரத்தில் தீரா நோயாளர் மருத்துவமனையில் சவேரியார் பணிபுரிந்திருந்தார். 1542இல் கோவாவில் இறங்கியபோதும் மருத்துவமனையிலேயே தங்கி நோயாளரைக் கவனித்தார். அதே ஆண்டில் நம் கடற்கரைக்கு வந்தார். வழிப்போக்கனின் காலைக் கழுவும் மரபைக் கண்டு வளர்ந்த நாட்டின் மகன், மீனவர் குடிசைகளின் வாயிலில் குனிந்து நுழையத் தயங்கவில்லை.

மஞ்சள் அம்புகள்

நூற்றாண்டுகள் பல சென்றபின் திருப்பயணிகள் அருகினர். போர்களும், சமயப் பிளவுகளும், புதிய சாலைகளும் பழைய பாதையைப் புதர் மூடச் செய்தன. கொம்போஸ்தெலாவில் 1986ஆம் ஆண்டில் சான்றிதழ் பெற்ற திருப்பயணிகளின் எண்ணிக்கை 2,491 மட்டுமே. அப்பாதை மீண்டும் உயிர்பெறத் தம்மை ஈந்தவர்களுள் முதன்மையானவர், மறுகோடியில் ஓ செபிரெய்ரோ என்னும் மலைக் கிராமத்தின் பங்குத்தந்தையாக இருந்த எலியாஸ் வாலிஞா. பாதையைப் பற்றியே முனைவர் பட்ட ஆய்வு செய்தவர் அவர். 1984இல் தம் காரில் மஞ்சள் வண்ணம் நிரப்பிய வாளிகளை ஏற்றிக்கொண்டு, பிரனீஸ் மலையிலிருந்து தொடங்கி, மரங்களிலும் கற்களிலும் சுவர்களிலும் அம்புக்குறி வரைந்துகொண்டே சென்றார். எல்லைப்புறத்தில் காவலர் அவரை நிறுத்தி விசாரித்தபோது, பிரான்சிலிருந்து ஒரு படையெடுப்புக்கு ஆயத்தம் செய்கிறேன் என்று விடையளித்தார் என ஒரு கதை வழங்குகிறது. 1989இல் அவர் மறைந்தார்.

அவர் சொன்ன படையெடுப்பு வந்துவிட்டது. 1987இல் ஐரோப்பிய அவை இப்பாதையைத் தன் முதல் பண்பாட்டு வழித்தடமாக அறிவித்தது. 1993இல் ஸ்பெயின் நாட்டுப் பகுதி உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. 2024இல் கொம்போஸ்தெலாவை அடைந்து சான்றிதழ் பெற்றோர் தொகை ஐந்து இலட்சத்தை நெருங்கியது. நம்பிக்கையுடையோர், நம்பிக்கை இழந்தோர், உறவைப் பறிகொடுத்தோர், வெறும் மலையேற்ற ஆர்வத்தால் வந்தோர் எனப் பலரும் அவர்களுள் உண்டு. யார் எதற்காக வந்தாலும் மஞ்சள் அம்பு ஒரே திசையைத்தான் காட்டுகிறது.

ரொன்செஸ்வாயெசில் விடுதி இன்றும் உள்ளது. நெதர்லாந்து நாட்டிலிருந்து தன்னார்வலர்கள் முறை வைத்து வந்து அங்கே பணியாற்றுகின்றனர். மாலைத் திருப்பலியின் முடிவில், வெள்ளித் தகடு போர்த்திய அன்னையின் திருவுருவத்துக்கு முன் திருப்பயணிகளுக்குப் பல மொழிகளில் ஆசீர் வழங்கப்படுகிறது. அங்கே முன்வரிசைக்கு வருகிறவரின் மறையையோ மனத்தையோ யாரும் ஆராய்வதில்லை.

நம் நாட்டிலும் ஆகஸ்டு மாத இறுதியில் வேளாங்கண்ணிச் சாலைகளில் காவியுடை அணிந்தோர் கூட்டம் கூட்டமாக நடக்கின்றனர். அவர்களுள் கிறிஸ்தவரல்லாதோர் பலர். வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல் வைப்போரிலும் எல்லாச் சமயத்தாரும் உண்டு. நம் முன்னோர் சாலையோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டபோது, அதில் யார் சுமையை இறக்கலாம் என்று எழுதி வைக்கவில்லை. ஆனால் அடுத்த வீட்டானின் சமயத்தை முதலில் கேட்டு, அதன்பின் அவன் தாகத்தைக் கேட்கும் பழக்கம் நம்மிடையே வளர்ந்து வருவதைக் காண்கிறோம். பழைய பகைகளைப் புதிய காவியங்களாகப் பாடுவோர் எல்லாப் பக்கத்திலும் பெருகியுள்ளனர். இவ்வேளையில், நம் பங்குகளின் கதவு எவருக்குத் திறக்கிறது என்று நம்மையே கேட்டுக்கொள்வது நலம்.

இபாஞேட்டாவின் பழைய சிற்றாலயம் இடிந்துபோயிற்று. 1965இல் அங்கே புதியது எழுந்தது. மூடுபனியில் ஒலித்த மணி ரொன்செஸ்வாயெசில் திருத்தூதர் யாக்கோபின் சிற்றாலயத்தில் வைக்கப்பட்டுள்ளது. ரோலாண்டு ஊதியதாகக் காவியம் பாடும் கொம்பைப் பற்றி உலகம் அறியும். இரவெல்லாம் கயிற்றை இழுத்து அம்மணியை அடித்தவர்களுள் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. அவர்களுக்கும், மணியோசை எட்டும் முன் பனியில் உறங்கிவிட்டவர்களுக்கும், நவம்பர் 2ஆம் நாள் நாம் ஒப்புக்கொடுக்கும் செபத்தில் ஓர் இடம் இருக்கட்டும்.